விளக்கு வைத்த நேரத்துச் சிரித்த முகம்

தாடைக்கும் நோய் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பல்லுக்கு வரும், காதுக்கு வரும். ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்குத் தொண்டை கட்டுவது பள்ளி திறந்தால் வருகிற சடங்கு. ஆனால் சோறு மெல்லும்போது காதோரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் அதை யார் நோய் என்று நினைப்பார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கே அது கேட்டது. "இன்னா கோமளா, கல்லா?" என்றார். அரிசி களைந்தவள் நான் என்பதால் எனக்குக் கோபம் வந்ததே தவிர பயம் வரவில்லை.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையோரத்து நகரி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் கணவர் தாமோதரன் பவர்லூம் தறிகள் ஓட்டுகிறார். நான் காலையில் பஸ் ஏறி, கார்வேட்டிநகரம் போகும் வழியில் ஒரு கிராமத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறேன். வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள். 'அ' என்றால் வாயை இவ்வளவு திற, 'ஆ' என்றால் இவ்வளவு திற என்று திறந்து காட்டித்தான் அவர்களுக்கு எழுத்து ஏறும். கரும்பலகையை விட என் வாய்தான் அங்கே பாடப் புத்தகம்.

இப்போது தெருவில் யாருக்குத் தாடை வலித்தாலும் என்னிடம் வருகிறார்கள். "திருப்பதில கம்ப்யூட்டரு பாத்து வைத்தியம் பண்றாங்களாமே டீச்சரம்மா, நீங்க போனீங்களே, நல்லாயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல என் தாடை இடம் கொடுக்காது. அதனால் எழுதிவிடுகிறேன்.

டக் சத்தம் வந்து சில மாதங்களில் வலி வந்தது. காதுக்குள் யாரோ துணி பிழிவது போல ஒரு வலி. காது என்றே நினைத்து நகரியில் காதுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். காது சுத்தமானது, வலி அப்படியே இருந்தது. பிறகு சித்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்கே கடைவாய்ப் பல் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிடுங்கிக் கையில் கொடுத்தார்கள். பூச்சியில்லை, பொத்தலில்லை, கொழுக்கட்டை மாதிரி ஒரு பல். மறுபடி போய் வலி குறையவில்லை என்றதும் அந்த டாக்டர் என் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். "ஓ, இது மூட்டு" என்றார். அந்த விரலைப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் வைத்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். அவர் விரல் இன்னும் என் தாடையிலேயே இருந்தது.

நீங்களும் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், ஒரு உருண்டை நகரும். அதுதான் தாடை மூட்டு. எலும்பும் எலும்பும் உரசாமலிருக்க நடுவில் சின்னதாக ஒரு வட்டு இருக்கிறது, குழாயில் போடுகிற வாஷர் மாதிரி. அது இடம் விலகினால், வாய் திறக்கும்போதெல்லாம் எலும்பு அதன்மேல் ஏறிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் டக். வட்டு ஒரேயடியாக முன்னால் போய் மடிந்து சிக்கிக்கொண்டால் டக் நின்றுவிடும், கூடவே வாய் திறப்பதும் நின்றுவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், மெத்தென்ற சாப்பாடு, கொஞ்சம் பயிற்சி, இதிலேயே சரியாகிவிடுமாம். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. என் கொழுந்தன் சேகர் சொன்னான்: "அண்ணி, பேசாம புத்தூருக்கு இட்டுக்கினு போயி மேல்தாடயும் கீழ்த்தாடயும் சேத்து ஒரு கட்டு கட்டிட்டா, அண்ணன் கொஞ்ச நாளு நிம்மதியா இருப்பாரு." புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார்களே, அதைச் சொல்கிறான். நானும் சிரித்தேன். சிரித்ததில் டக் என்றது. அதற்கும் சிரித்தார்கள்.

சித்தூர் டாக்டர்தான் திருப்பதிக்கு அனுப்பினார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செயற்கை நுண்ணறிவு வைத்து ஒவ்வொருவர் தாடைக்கும் தனித்தனியாக வைத்தியம் குறிக்கிறார்களாம். தனித்தனியாக என்ற வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். காதுக்காரரும் பல்லுக்காரரும் என்னைப் பொதுவாகப் பார்த்ததில் ஒரு நல்ல பல் போயிருந்தது. எனக்கென்றே ஒரு வைத்தியம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

திருப்பதியில் அந்தக் காத்திருப்புக் கூடத்தில் பாதிப் பேர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குப் போன கையோடு ஆஸ்பத்திரியையும் முடித்துக்கொண்டு போகிறவர்கள். கவுண்டரில் கேள்வி கேட்ட பெண் கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். எனக்கு அன்று வலி அதிகம், பேச முடியவில்லை. என் கணவர்தான் பதில் சொன்னார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பார்களா? "அதெல்லாம் இல்லமா." மன உளைச்சல் உண்டா? "டீச்சரு வேல, அவங்களுக்கு இன்னா உளைச்சல்?" நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். போன் நம்பர்? அவர் தன் நம்பரைச் சொன்னார். ரேஷன் கார்டுக்கு அந்த நம்பர்தான், கேஸுக்கு அந்த நம்பர்தான், என் தாடைக்கும் அதுவே ஆனது. என் பையில் என் போன் சும்மா கிடந்தது.

டாக்டர் நல்ல உயரம், நல்ல சிரிப்பு, தெலுங்கு வாசனையோடு தமிழ் பேசினார். ஸ்கேன் எடுத்தார்கள். கேமரா முன்னால் உட்கார வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லி, தாடை எந்தப் பக்கம் கோணுகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே மருந்துன்ற காலம் போயிந்தி மேடம்," என்றார். "உங்க தாடை தினமும் என்ன சொல்லுதோ அத கேட்டு சிஸ்டம் ட்ரீட்மென்ட் மாத்திக்கிட்டே வரும். உங்கள மாதிரி எத்தனையோ பேரோட டேட்டா அதுக்குத் தெரியும்."

வைத்தியம் இதுதான். தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் தகடு. வலி மாத்திரை. வாயைத் திறக்கப் பழக்குகிற பயிற்சிகள். தினமும் போனில் ஒரு கேள்வி வரும்: இன்றைக்கு வலி எப்படி? கீழே வரிசையாக முகங்கள் இருக்கும். பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் சும்மா இருக்கும், சிவப்பு முகம் கண்ணீர் விட்டு அழும். எது பொருந்துமோ அதை அமுக்க வேண்டும். அதைப் பார்த்து மறுநாள் பயிற்சியைக் கூட்டுவதா குறைப்பதா, மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்று அந்த அறிவே முடிவு செய்யும். கேள்வி வருவது சாயங்காலம் ஆறரை மணிக்கு. எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று யாரோ யோசித்து வைத்த நேரம்.

எங்கள் வீட்டில் ஆறரை என்பது விளக்கு வைக்கிற நேரம். அவர் தறியை நிறுத்திவிட்டு முகம் கழுவி வருவார். தறிச் சத்தம் நின்றதும் வீடே காது அடைத்தது போல ஆகிவிடும். நான் சாமி அலமாரியில் விளக்கேற்றுவேன், அவர் பின்னால் நின்று கும்பிடுவார். அப்போதுதான் அவர் சட்டைப் பையில் போன் மணியடிக்கும். அவர் எடுத்து எதையோ அமுக்குவார். "போட்டுட்டேன்," என்பார். பிறகு மறுநாளுக்கான பயிற்சியைப் படித்துச் சொல்வார். எனக்கு வலி எப்படி என்று காலையிலேயே அவரிடம் புலம்பி முடித்திருப்பேன். அதைத்தான் போடுகிறார் என்று இருந்தேன்.

பயிற்சி ஐஸ் குச்சியில் ஆரம்பித்தது. தட்டையான குச்சிகளை அடுக்கி முன்பல்லுக்கு நடுவில் வைத்து வாயை அகலப்படுத்த வேண்டும். சில நாளுக்கு ஒரு தரம் குச்சி ஒன்று கூடும். "சிஸ்டம் சூப்பரா போவுதுன்னு சொல்லுது கோமளா, இன்னொரு குச்சி சேத்துக்கணுமாம்," என்று அவர் சந்தோஷமாகப் படிப்பார். சீக்கிரமே மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. எனக்கோ வலி கூடிக்கொண்டுதான் போனது. குச்சியை எடுத்த பிறகும் வெகுநேரம் கண்ணில் நீர் நிற்காது. இவ்வளவு பெரிய அறிவு சொல்கிறது, நாம்தான் செல்லம் கொஞ்சுகிறோமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ரிவ்யூவுக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். "சார், வலி ரொம்ப அதிகமா இருக்கு." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அழகான பச்சைக் கோடு ஒன்று மேலே மேலே போயிருந்தது. "பாருங்க மேடம், ரெஸ்பான்ஸ் எக்ஸலெண்ட். ஸ்ட்ரெச் பண்றப்போ வலிக்கத்தான் செய்யும், அது நல்ல வலி." அந்தக் கோடு ஸ்கேனிலிருந்து வந்தது என்று நான் நினைத்தேன். என் எலும்பே அவர்களிடம் நல்லபடியாகப் பேசுகிறது, நான்தான் பொய் சொல்கிறேன் என்பது மாதிரி வெட்கமாக இருந்தது. வலிக்கு நல்ல வலி கெட்ட வலி என்று பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு நாளாவது அது வர வேண்டும். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

அதற்கடுத்த வாரம் வகுப்பில் நடந்தது. 'ஆ'வுக்கு வாயைத் திறந்தேன். காதோரத்தில் எதுவோ வழுக்கியது. டக் வரவில்லை. வாய் மூடியது, பிறகு திறக்கவில்லை. ஒரு விரல் நுனி போகிற அளவுக்கு மேல் அசையவே இல்லை. நான் கையால் தாடையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்களும் கையால் தங்கள் தாடையைப் பிடித்து இழுத்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்ததும் முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் அழ ஆரம்பித்தாள், அப்புறம் வகுப்பே அழுதது. அவர்களைச் சமாதானம் செய்ய என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. எனக்கு அன்று வந்த பயம் வலியைப் பற்றியது இல்லை. இனி இந்த வாய் திறக்காவிட்டால் நான் எதற்கு என்ற பயம்.

சேகர் கார் பிடித்து வந்தான். புத்தூர் வழியாகத்தான் போனோம். கட்டுப் போடும் போர்டுகளைத் தாண்டும்போது அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி ஸ்கேன். அந்தக் குழாய்க்குள் படுத்தால் சத்தத்தில் பலபேர் பயந்து கத்திவிடுவார்களாம், டெக்னீஷியன் கையில் ஒரு மணியைக் கொடுத்து, பயந்தால் அமுக்கச் சொன்னார். உள்ளே போனால் தடதடவென்று எங்கள் தறி ஷெட்டேதான். பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன். வெளியே இழுத்தபோது எழுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்காரர்களால் எனக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

சாப்பாடுதான் பெரிய கூத்து. வாய்க்குள் ஸ்பூன் போகாது. ஸ்ட்ரா மட்டும்தான். என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, வீட்டிலிருந்து மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். இட்லியும் சாம்பாரும் சேர்த்து அரைத்து வரும். ராகிக் களி மோரில் கரைந்து வரும். ஒரு நாள் பிளாஸ்க்கைத் திறந்தால் பிரியாணி வாசனை. "நீ எதுவும் துன்னாம கீறியேன்னு அரைச்சிக்கினு வந்தேன்," என்றார். பழுப்பு நிறத்தில் பிரியாணிக் கஞ்சி. ஏலக்காய் ஒன்று ஸ்ட்ராவில் அடைத்துக்கொண்டது. உறிஞ்சிக் குடித்தேன். பக்கத்துக் கட்டிலில் மகனுக்குத் துணையிருந்த ஒரு அம்மா மலையிலிருந்து வந்த லட்டைக் கொடுத்தார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? என் பல்லிடுக்கைப் பார்த்ததும் லட்டைத் தட்டில் போட்டு மாவு மாதிரி உதிர்த்து, விரல் நுனியில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக என் உதட்டில் வைத்தார்கள். பெயர்கூடத் தெரியாது.

மூட்டைக் கழுவ வேண்டும் என்று முடிவானது. காதுக்கு முன்னால் இரண்டு ஊசி போட்டு, ஒன்றின் வழியாக உப்புநீரை ஏற்றி இன்னொன்றின் வழியாக வெளியே விடுவார்கள். உள்ளே சேர்ந்த வீக்க நீரும் குப்பையும் அலசிப் போகும், சிக்கியது தளரும். அதற்கு முந்தின நாள் ஒரு இளம் டாக்டர் என் கேஸ் ஃபைலைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் வந்தாள். "மேடம், லாக் ஆறதுக்கு முந்தின நாள் வரைக்கும் உங்களுக்கு வலியே இல்லையே?" என்றாள்.

நான் பல்லைக் கடித்தபடி, யார் சொன்னது என்று கேட்டேன். அவள் டேபைத் திருப்பினாள். அந்தப் பச்சைக் கோட்டை விரலால் விரித்தாள். அது கோடே இல்லை. ஒட்டி ஒட்டி வைத்த முகங்கள். ஆரம்பத்தில் சில மஞ்சள். அப்புறம் எல்லாம் பச்சை. நான் குச்சியை வைத்துக்கொண்டு அழுத நாளிலெல்லாம் ஒரு பச்சை முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திறந்தார், மூடினார்.

"நீங்கதான போட்டீங்க?" என்றேன்.

"நான்தான்."

"காலைல சொல்லி சொல்லி அழுதேனே."

"அழுத. தெரியும் கோமளா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அது கரெக்டா வௌக்கு வச்ச நேரத்துக்கு கேக்குது. வௌக்கு எரிஞ்சிக்கினு கீது, சாமி முன்னால நின்னுக்கினு அழுவுற மூஞ்சிய எப்டி அமுக்குறது? அந்த நேரத்துல நோவுன்னு வாயால சொன்னாலே எங்கம்மா வாய்மேல போடும். நல்லாயிடணும்னு வேண்டிக்கினு, வேண்டிக்கினுதான் சிரிக்கிறத அமுக்குனேன். அதுவும் நல்லாவுது நல்லாவுதுன்னு சொல்லிச்சி. நான் சாமி கேட்டுடுச்சின்னு இருந்தேன்."

இளம் டாக்டருக்குப் பாதி புரிந்தது. நான் என்ன செய்வேன்? அந்த மனுஷனை அடிக்க வேண்டும் போலிருந்தது. பிளாஸ்க்கைப் பிடுங்கித் தரையில் வீச வேண்டும் போலிருந்தது. வீட்டில் விளக்கு எரிகையில் தலை வலிக்கிறது என்றுகூட நானே சொன்னதில்லை. வெந்நீர் வேண்டுமென்றால் விளக்கு நேரம் தாண்டித்தான் கேட்பேன். அவர் செய்தது எனக்குப் புரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். புரியாமல் இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் அன்று லாட்ஜுக்குப் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஊசி போடும் முன் பெரிய டாக்டர் வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதை நான் மறக்க மாட்டேன். "சிஸ்டம் கரெக்ட்டா வேலை செஞ்சிருக்கு மேடம். இன்புட் தப்பா போனா அது என்ன பண்ணும்? படிச்சவங்க நீங்களே இப்படி செஞ்சா எப்படி?"

"சார், நான் உங்க எதிர்ல உக்காந்து வலிக்குதுன்னு சொன்னேன்," என்றேன். திறக்காத வாயிலிருந்து சொற்கள் நசுங்கி நசுங்கித்தான் வந்தன. "அது எந்த இன்புட் சார்?"

அவர் நர்ஸைப் பார்த்து ஊசி தயாரா என்று கேட்டார்.

கழுவினார்கள். மயக்கம் தெளிந்தபோது கன்னம் வீங்கிக் காதுவரை மரத்துக் கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. சாதாரணமாக ஒருவருக்கு மூன்று விரலை அடுக்கி வைக்கிற அளவு வாய் திறக்கும். எனக்கு இரண்டு விரல் கஷ்டப்பட்டுப் போகிறது. இனி இவ்வளவுதான் இருக்கலாம் என்றார்கள். மூட்டைக் கழுவிய செலவு டீச்சர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஹெல்த் கார்டில் போனது. கம்ப்யூட்டர் ஆலோசனை மட்டும் கார்டில் வராது என்று கைக்காசைக் கேட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'நோயாளி தரப்பில் தவறான தகவல்' என்று எழுதியிருந்தது. கேள்வி வரும் நேரத்தை எல்லா நோயாளிக்கும் காலைக்கு மாற்றிவிட்டோம் என்று கவுண்டர் பெண் பெருமையாகச் சொன்னாள். அந்த ஆறரையைக் குறித்த மகராசன் வீட்டிலும் யாராவது விளக்கேற்றியிருப்பார்கள், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். "அந்தச் சிரிச்ச மூஞ்சிகளையாவது அழிச்சிடுங்கம்மா," என்றேன். "பழைய டேட்டாவை எடிட் பண்ண முடியாது மேடம், லாக் ஆயிடுச்சு," என்றாள். என் தாடை மாதிரியே.

பள்ளிக்குத் திரும்பிப் போனேன். தலைமை ஆசிரியர் உட்கார்ந்தே பாடம் நடத்தலாம் என்றார். 'ஆ' சொல்லிக் காட்டினேன். பிள்ளைகள் என் வாயைப் பார்த்துச் சரியாக அதே அளவுக்குத் திறந்து, பாதி வாயில் 'ஆ' என்றார்கள். இன்னும் பெரிசா என்று கையை விரித்துக் காட்டினேன். அவர்கள் கையை விரித்துக்கொண்டு, வாயைப் பாதியிலேயே நிறுத்திச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் பல நாள் கழித்து முகம் கொடுத்துப் பேசினேன். இதை மட்டும்தான் சொன்னேன். அவர் தறியை ஓட்டப் போகாமல் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தார். கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம் கடைசி ரிவ்யூவுக்குத் தனியாகப் போனேன். காத்திருப்புக் கூடத்தில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு பெண், சந்திரகிரிப் பக்கமாம், ஸ்கேன் முடிந்து வந்து கன்னத்தைக் கையால் தாங்கி உட்கார்ந்திருந்தாள். பேச முடியாததால் அவள் கணவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். போன் நம்பர் கேட்டதும் தன் நம்பரைச் சொன்னான். டேபோடு நின்ற பெண் வேலைக்குப் புதிது, என்னைத் தெரியாது. அவள் தெலுங்கில் தைரியம் சொன்னாள்: "பயப்படாதீங்க. உங்க வயசுதான், உங்கள மாதிரியே தாடை, நகரிப் பக்கம் ஒரு டீச்சர். இதே பயிற்சிதான் செஞ்சாங்க. பாருங்க, கடைசி வரைக்கும் பச்சை. சிஸ்டம் உங்களுக்கும் அதையேதான் குடுத்திருக்கு."

அந்தப் பெண் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே ஏதோ முனகினாள். அவள் கணவன், "அப்புறம் அந்த டீச்சருக்கு?" என்று கேட்டான்.

"அதுக்கப்புறம் அவங்களுக்கு இந்த போன் ஆப்பே தேவைப்படல. இதோட முடிஞ்சிடுச்சு," என்று கோட்டின் நுனியைத் தொட்டுக் காட்டினாள்.

நான் எழுந்து போய் அவர்கள் முன்னால் நின்றேன். அந்த டீச்சர் நான்தான் என்றேன். டேப் பெண் சிரித்தாள், நல்ல சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் வாயைத் திறந்து காட்டினேன். முடிந்த மட்டும் திறந்தேன். இரண்டு விரலை அடுக்கி உள்ளே வைத்து, மூன்றாவது விரல் வெளியே நிற்பதையும் காட்டினேன். "இவ்ளோதான்மா தொறக்கும். அந்தப் பச்சை எல்லாம் பொய்," என்றேன். அவள் கணவன் டேபைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி டேபைப் பார்த்தான். டேப் பெண், "மேடம், ப்ளீஸ், அங்க உக்காருங்க," என்றாள்.

சந்திரகிரிப் பெண் டேபைப் பார்க்கவே இல்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கன்னத்திலிருந்த கையை எடுத்து என் காதோரத்தில், மூட்டு இருக்கிற இடத்திலேயே, மெதுவாக வைத்தாள். அவள் கை சூடாக இருந்தது.

"நொப்பி உந்தா அக்கா?" என்றாள். வலி இருக்கா அக்கா என்று கேட்கிறாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு இத்தனை மாதம் போய் வந்ததில், என் முகத்தைப் பார்த்து இதை யாரும் கேட்டதில்லை. போனிடம்தான் தினமும் கேட்டார்கள்.

"உந்தி," என்றேன்.